கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்புக்கு 7,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

திருமங்கலம்05 | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருமங்கலம். மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

போன வாரம் லிங்க்ட்இன்னில் ஒரு செய்தி வந்தது. 'மேனேஜ்மென்ட் கன்சல்டிங் இன்டர்ன்ஷிப், 45 நாள், வீட்டிலிருந்தே செய்யலாம், நீங்கள் தேர்வு செய்யப்பட்டுவிட்டீர்கள்' என்று இருந்தது. நான் விண்ணப்பிக்கவே இல்லை. பயிற்சிக் கட்டணம் 7,500 ரூபாய். முடித்தால் சான்றிதழ், நன்றாகச் செய்தால் வேலை என்கிறார்கள். புதன்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். "கன்சல்டன்சின்னாலே புரோக்கர் கமிஷன்தான்டா, உங்க சித்தப்பா துபாய்க்குப் பணம் கட்டி ஏமாந்தது மறந்துபோச்சா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூடப் படிக்கிற நண்பனோ, கன்சல்டிங் என்றால் பெரிய ஆட்கள் வேலை, ஐ.ஐ.எம். படித்தவர்கள் கோட்டு சூட்டு போட்டு விமானத்தில் போவது, நமக்கெல்லாம் கிடைத்ததே அதிசயம், விடாதே என்கிறான்.

யார் சொல்வது சரி? கன்சல்டிங் இன்டர்ன் என்றால் உண்மையில் என்ன வேலை? பி.காம். படிப்பவனுக்குக் கிடைக்குமா? பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குமாசி | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, முதலில் பணம் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இன்டர்ன் என்பவர் வேலை செய்யப் போகிறவர். வேலை செய்கிறவரிடம் பணம் வாங்குகிற நிறுவனம், அவருடைய உழைப்பை நம்பி நடக்கவில்லை, அவர் கட்டும் பணத்தை நம்பி நடக்கிறது. பயிற்சி வகுப்பு என்று சொல்லிக் கட்டணம் வாங்கினால் அது வேறு, அதில் தவறில்லை. அதை இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் விற்பதுதான் பிரச்சினை. விண்ணப்பமே போடாமல் தேர்வானது, புதன்கிழமை என்று கெடு வைத்தது, வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது, மூன்றுமே நல்ல அறிகுறி இல்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவான கம்பெனி என்றால் தொடங்கிய தேதி, பதிவு முகவரி எல்லாம் வரும். ஜி.எஸ்.டி. எண் கொடுத்திருந்தால் அதையும் ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபார்க்கலாம். மின்னஞ்சல் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, சாதாரண ஜிமெயிலிலிருந்து வந்ததா என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

உங்கள் அப்பா சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கன்சல்டன்சி என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவை, அல்லது வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவை. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போடும் பொறியாளரும் கன்சல்டன்ட்தான். நீங்கள் கேட்பது வேறு தொழில். ஒரு நிறுவனம் தனக்குப் பிடிபடாத கேள்வி ஒன்றை வெளியாளிடம் கொடுத்துக் காசு கொடுத்துப் பதில் வாங்குகிறதே, அது. விற்பனை ஏன் குறைகிறது, புதுக் கிளையை எங்கே திறப்பது, சரக்கு ஏன் தேங்குகிறது, இப்படிப்பட்ட கேள்விகள். இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் சொன்னால் அவருக்கும் புரியும்.

நாகமலை_எம்பிஏ | ஞாயிறு, இரவு 11.02

சார் சொன்னது சரி. ஆனால் நண்பன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பதைத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நான் எம்.பி.ஏ. படிக்கிறேன். மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் என்ற மூன்று பெரிய கன்சல்டிங் நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. அவர்கள் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்குப் போய் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஐ.ஐ.எம்.களில் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே தேர்வு முடிந்து, அடுத்த ஏப்ரலில் தொடங்கி இரண்டு மாதம் வேலை. நாம் மார்ச் மாதம் தேட ஆரம்பிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மனம் தளரச் செய்ய இதை எழுதவில்லை. "முயன்றால் முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களால் நான் ஒரு வருடம் இழந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

வைகைஎக்ஸ்பிரஸ் | திங்கள், காலை 6.50

நாகமலை சொல்வது அந்த மூன்று நிறுவனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கன்சல்டிங் என்றால் அந்த மூன்றுதான் என்று நினைப்பதே முதல் தவறு. நான் சென்னையில் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், ஊர் மதுரை. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்ற நான்கு பெரிய தணிக்கை, ஆலோசனை நிறுவனங்களிலும் வரி, இடர் மேலாண்மை, தொழில்நுட்பம், நிறுவனங்களை வாங்கும் முன் கணக்கை ஆராய்வது என்று எத்தனையோ பிரிவுகள். அங்கே பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பொறியியல், சி.ஏ. பாதியில் இருப்பவர்கள் எல்லோரும் வேலை செய்கிறார்கள். அவற்றுக்கு வெளியே சந்தை ஆய்வு நிறுவனங்கள், கிராமப்புறத் திட்டங்களை மதிப்பிடும் அமைப்புகள், பத்து இருபது பேர் மட்டும் உள்ள சிறிய ஆலோசனை அலுவலகங்கள் நிறைய உண்டு.

என் கதையைச் சொல்கிறேன், வேலை எப்படி என்பது புரியும்.

எம்.பி.ஏ. முதலாண்டு முடிந்து எட்டு வாரம் இன்டர்னாகப் போனேன். முதல் நாளே பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று பேசுவோம் என்று நினைத்துப் புதுப் புடவை எடுத்திருந்தேன். என் கையில் கொடுத்தது ஒரு எக்செல் கோப்பு. விவசாயக் கருவி விற்கும் முகவர்கள் 340 பேரின் பட்டியல். ஒரே ஊரை ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். ஒரே முகவர் இரண்டு பெயரில் இருந்தார். சிலருக்குப் போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. இதையெல்லாம் சரிசெய்ய ஆறு நாள் ஆனது. அழுகை வந்தது என்றே சொல்லலாம். இதற்கா இவ்வளவு படித்தோம் என்று தோன்றியது.

இரண்டாம் வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத் தமிழ் நன்றாக வருமே, தென் மாவட்ட முகவர்களோடு நீ பேசு" என்றார். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கம் இருந்தவர்களிடம் பேசினேன், சிலரை நேரில் போய்ப் பார்த்தேன். ஒருவர் கடை வாசலில் மோர் கொடுத்து உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். விதைக்கிற மாதத்தில் விவசாயியின் கையில் காசு இருக்காது. வீட்டு நகை அடகில் இருக்கும். அறுவடை முடிந்து நகையைத் திருப்பிய பிறகுதான் கருவி வாங்க விசாரித்து வருவான். தலைமை அலுவலகம் விளம்பரச் செலவை முழுக்க விதைப்பு மாதத்தில் போட்டுக்கொண்டிருந்தது. இதையே இன்னும் பதினொரு முகவர்கள் சொன்னார்கள். என் சுத்தமான பட்டியலில் மாதவாரி விற்பனையை வைத்துப் பார்த்தபோது எண்களும் அதையே சொன்னன. பட்டியலைச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

எந்த நிறுவனம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சேரும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பயோடேட்டாவில்கூட 'ஒரு விவசாயக் கருவி நிறுவனம்' என்றுதான் எழுதலாம். வாடிக்கையாளர் பெயரை லிங்க்ட்இன்னில் போட்டு வேலை போனவர்கள் உண்டு, கவனம்.

ஆங்கிலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுனிநாக்கு ஆங்கிலம் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு பயம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதில் பிழை இருக்கக் கூடாது. அதற்கு உழைக்கத்தான் வேண்டும். ஆனால் உச்சரிப்பைப் பார்த்து யாரும் என்னை எடை போடவில்லை. அந்த மோர் கொடுத்த மனிதரிடம் என் மேனேஜர் போயிருந்தால் விலைப்பட்டியலோடு திரும்பியிருப்பார்.

கோரிப்பாளையம் | திங்கள், காலை 8.20

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் மதுரையில் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்து, இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் இடர் மேலாண்மைப் பிரிவில் இருக்கிறேன். தம்பிக்கு நேரான பதில்: பி.காம். ஒரு தடையில்லை. ஆனால் உங்கள் கல்லூரிக்கு அவர்கள் தேடி வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

நான் உள்ளே போனது எக்செல் வழியாக. இரண்டாம் ஆண்டில் தெரிந்தவர் ஒருவரின் கணக்கு அலுவலகத்தில் விடுமுறைக்கு உட்கார்ந்தேன். கொள்முதல் பில்லையும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏறியிருக்கும் விவரத்தையும் ஒப்பிட்டு, எது பொருந்தவில்லை என்று எடுப்பது வேலை. வி-லுக்அப், பிவட் டேபிள் போன்ற எக்செல் வசதிகள் எல்லாம் அங்கே கற்றதுதான். நேர்காணலில் அதைத்தான் அரைமணி நேரம் கேட்டார்கள். "பொருந்தாதவை ஏன் பொருந்தவில்லை, காரணத்தைப் பிரித்துப் பார்த்தாயா" என்றார்கள். பார்த்திருந்தேன். பில் எண்ணைத் தப்பாக அடித்தது, சப்ளையர் தாமதமாக ஏற்றியது, ஒரே பில் இரண்டு முறை ஏறியது என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

மல்லிகை_அம்மா | திங்கள், பகல் 1.30

நான் வேலை பார்ப்பவள் அல்ல, ஒரு தாய். என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவளும் கன்சல்டிங் என்கிறாள். விமானம், ஹோட்டல், ராத்திரி ஒரு மணி வரை வேலை என்று கேள்விப்பட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதம் வெளியூரில் தனியாக விடுவதா? அப்படியே போனாலும் அதே இடத்தில் வேலை நிச்சயம்தானே? அதற்காகத்தானே இவ்வளவும்?

வைகைஎக்ஸ்பிரஸ் | திங்கள், மாலை 7.45

அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

விமானம் உண்டு, ஆனால் இன்டர்னுக்கு அபூர்வம். என் எட்டு வாரத்தில் நான் போனது பஸ்ஸிலும் வாடகைக் காரிலும்தான். இரவு வேலை இருக்கிறது, மறைக்க மாட்டேன். அறிக்கை கொடுக்கும் வாரத்தில் பதினொரு மணி, பன்னிரண்டு மணி ஆகும். பெரிய நிறுவனங்களில் இரவில் பெண்களை வீடுவரை கொண்டுவிடும் வண்டி ஏற்பாடு இருக்கும். சேருமுன் அதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

வேலை நிச்சயமா என்றால், இல்லை. இன்டர்ன்ஷிப் முடிவில் பிடித்திருந்தால் படிப்பு முடியுமுன்பே வேலை உறுதி தருவார்கள், அதை ப்ரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர் (பி.பி.ஓ.) என்பார்கள். என்னோடு ஆறு பேர் சேர்ந்தோம், நான்கு பேருக்குத்தான் கிடைத்தது. கிடைக்காத இருவரில் ஒருத்திதான் எங்களில் அழகாக ஸ்லைடு போடுவாள். ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கும் ஒரு முறை அப்படி ஆகவிருந்தது. மில்லியனை லட்சமாக மாற்றும்போது ஒரு சுழியை விட்டுவிட்டேன். பத்து லட்சம் ஒரு மில்லியன் என்பது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். ஆனாலும் விட்டேன். மேனேஜர் இரவு பதினொரு மணிக்கு அதைப் பிடித்தார். திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தக் கோப்பில், எந்த வரியிலிருந்து வந்தது என்று எழுதி வைக்கச் சொன்னார். இன்றுவரை எழுதுகிறேன்.

நாகமலை_எம்பிஏ | திங்கள், இரவு 9.10

அக்கா, ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து எப்படித் தீர்ப்பாய் என்று கேட்கிறார்களே, அந்தக் கேஸ் நேர்காணல் பற்றி எழுதுங்கள். எல்லோரும் ஃப்ரேம்வொர்க், அதாவது பிரச்சினையை அலசுவதற்கான தயார் சட்டகங்களை, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நான் இருபது வரைக்கும் மனப்பாடம் செய்தேன். ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல் கிடைத்தது, அதில் ஒன்றுகூட உதவவில்லை.

வைகைஎக்ஸ்பிரஸ் | திங்கள், இரவு 10.30

மனப்பாடம்தான் உங்களைக் கெடுத்திருக்கிறது. பி.சி.ஜி. 1970இல் கொண்டுவந்த நான்கு கட்ட அட்டவணையை எல்லோரும் வரைகிறார்கள். எந்தத் தொழிலில் பணத்தைப் போடுவது, எதிலிருந்து எடுப்பது என்று பல தொழில் நடத்தும் பெரிய குழுமங்கள் முடிவெடுக்க வந்தது அது. ஒரு ஓட்டலில் ஏன் கூட்டம் குறைகிறது என்று கேட்டால் அதை வரைந்து என்ன செய்வது?

ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். மதுரையில் ஒரு நாளைக்குக் கடைகளில் எத்தனை டீ விற்கும்? சரியான விடை கேட்பவருக்கும் தெரியாது. நீங்கள் எப்படிப் போகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்.

2011 கணக்கெடுப்பில் மதுரையும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்த்து ஏறக்குறைய 14.6 லட்சம் பேர். இப்போது 17 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளையும் டீ குடிக்காதவர்களையும் கழித்தால் முக்கால் பங்கு, சுமார் 13 லட்சம். அதில் பாதிப்பேர் வீட்டோடு சரி, பாதிப்பேர் கடையில் குடிப்பவர்கள் என்று கொண்டால் 6.5 லட்சம். ஆளுக்குச் சராசரி ஒன்றரை டீ. ஆக, 10 லட்சம் டீ.

இங்கே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இனிமேல்தான் முக்கியம். மறுபக்கத்திலிருந்து சரிபாருங்கள். ஒரு கடை நாளைக்கு 400 டீ ஆற்றும் என்றால் 10 லட்சத்துக்கு 2,500 கடை வேண்டும். மாநகராட்சியில் 100 வார்டு, வார்டுக்கு 25 கடை. உங்கள் வார்டை மனத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். 25 இருக்குமா? இருக்கும்போல் தோன்றினால் விடை பக்கத்தில் இருக்கிறது. ஐந்துதான் இருக்கும் என்றால் எங்கோ தப்பு, திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கோரிப்பாளையம் | திங்கள், இரவு 10.48

அக்கா, மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுகளில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களை விட்டுவிட்டீர்கள். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு வருகிற கூட்டம் வேறு. ஆஸ்பத்திரிகளுக்கு நாலு மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். மதுரையில் டீ குடிப்பவர்களில் மதுரைக்காரர் அல்லாதவர்கள் கணிசம்.

வைகைஎக்ஸ்பிரஸ் | திங்கள், இரவு 10.55

சரியாகப் பிடித்தீர்கள். நேர்காணலில் இதைச் சொல்கிறவரைத்தான் எடுப்பார்கள். நாகமலை, இப்போது நீங்கள் அந்த வெளியூர்க்காரர்களைக் கணக்கிட்டுப் பாருங்கள், பஸ்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம்.

அண்ணாநகர்_வாசி | செவ்வாய், காலை 7.15

கன்சல்டிங் என்றாலே மும்பை, குர்கான் என்று எல்லோரும் பேசுவதைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. நான் மருத்துவமனை நிர்வாகம் படித்தவன்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, நம் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் திரும்பினால் போதும், காத்திருக்கும் நேரம் இல்லை. காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் இல்லாதவர்களுக்கும் பார்க்க முடிகிறது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக எழுதியது, உலகம் முழுக்க எம்.பி.ஏ. மாணவர்கள் படிக்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1992இல் அதே அரவிந்தில் லைகோ என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். மற்ற கண் மருத்துவமனைகள் எப்படி நடக்க வேண்டும் என்று பயிற்சியும் ஆலோசனையும் தருவது அதன் வேலை. வெளிநாட்டு மருத்துவமனைகளிலிருந்தும் ஆட்கள் மதுரைக்கு வந்து கற்றுப் போகிறார்கள். நோயாளி பதிவு செய்த நேரத்திலிருந்து மருத்துவரைப் பார்க்கும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த இடத்தில் வரிசை தேங்குகிறது என்று கடிகாரத்தோடு நின்று பார்ப்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. இது கன்சல்டிங் இல்லை என்றால் வேறு எது கன்சல்டிங்?

தெற்குமாசி | செவ்வாய், காலை 9.40

அருமையான தகவல். என் பங்குக்கு ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். என்னிடம் வருகிற பெற்றோரில் பாதிப்பேர் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பையும் கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்பையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

ஆர்ட்டிகிள்ஷிப் சி.ஏ. படிப்பின் கட்டாய வேலைப் பயிற்சி. முன்பு மூன்று வருடம், 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடம். குறைந்தபட்ச உதவித்தொகையை, சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. அமைப்பு நிர்ணயித்திருக்கிறது. கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்புக்கு அப்படிக் காலவரையோ சட்டமோ கிடையாது, நிறுவனம் வைத்ததுதான் விதி.

தணிக்கையும் ஆலோசனையும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இருந்தாலும் வேறு வேறு. ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதே கம்பெனிக்கு நிர்வாக ஆலோசனை சொல்லக் கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டம் 144ஆவது பிரிவு சொல்கிறது. தான் சொன்ன யோசனையைத் தானே தணிக்கை செய்தால் குற்றம் கண்டுபிடிக்க மனம் வருமா? ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கைக் குழுமத்தோடு ஒட்டியிருந்த ஆலோசனைப் பிரிவு சண்டையிட்டுப் பிரிந்து, 2001 ஜனவரி 1 முதல் அக்சென்சர் ஆனது. அதனால் எந்த நிறுவனம் என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பெரிய பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டு மாதமும் வரிப் படிவம் நிரப்பினேன் என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வரி வேலை பிடித்தவருக்கு அது நல்ல இடம்தான். தெரியாமல் சேர்ந்ததுதான் தவறு.

கோரிப்பாளையம் | செவ்வாய், பகல் 12.05

சம்பளம் பற்றி யாரும் பேசவில்லையே. பெரிய நிறுவனங்கள் நன்றாகவே தருகின்றன. சிறிய இடங்களில் பஸ் காசுதான், அல்லது ஒன்றுமே இல்லை. "அனுபவம் கிடைக்கிறதே" என்பார்கள். சென்னையில் இரண்டு மாதம் ஹாஸ்டல், சாப்பாடு, போக்குவரத்து என்றால் என் அப்பாவால் முடிந்திருக்காது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் போக முடியும். பிறகு அதே அனுபவத்தைக் காட்டி அவனே வேலையும் வாங்குவான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் உழைக்கிற உழைப்புக்கு ஏதாவது தர வேண்டும்.

மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கியபோது வந்த விதிப்படி 21 முதல் 24 வயது, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒரு முறை 6,000 ரூபாய், பன்னிரண்டு மாதம். முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது. ஆகவே தம்பிக்கு இப்போது ஆகாது, பட்டம் வாங்கிய பிறகு அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். பட்டதாரிகளுக்கும் எம்.பி.ஏ., சி.ஏ. முடித்தவர்களுக்கும் இதில் இடமில்லை என்று வைத்தது நல்ல விஷயம்.

தெற்குமாசி | செவ்வாய், பகல் 2.20

தம்பி கோரிப்பாளையம், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் என் அலுவலகத்தில் ஆறு வாரம் வருகிற மாணவனால் முதல் மூன்று வாரம் எனக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சொல்லிக் கொடுக்க ஒருவரை ஒதுக்க வேண்டும். சாப்பாடும் பஸ் காசும் தருகிறேன். மாதம் 5,000 கொடு என்றால் ஆளே எடுக்க மாட்டேன், அப்போது யாருக்கு நஷ்டம்?

கோரிப்பாளையம் | செவ்வாய், பகல் 2.45

சார், நீங்கள் சொல்லிக் கொடுக்கிறீர்கள். சொல்லிக் கொடுக்காமல் மூன்று மாதம் டேட்டா என்ட்ரி வாங்கிவிட்டு ஒரு சான்றிதழோடு அனுப்புகிற இடங்களும் இருக்கின்றனவே. நான் அப்படி ஒரு இடத்தில் ஒரு கோடைவிடுமுறையைத் தொலைத்தேன். உங்களைச் சொல்லவில்லை. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை.

அப்பளக்கடை | செவ்வாய், இரவு 9.30

நான் ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுகிறவன். பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். படிப்பு பத்தாம் வகுப்பு. இதில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளை ஒருத்தியை ஆறு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் ஏற்றுமதி, ஆன்லைன் என்று பெரிதாக ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பிள்ளை வந்து முதல் வாரம் முழுக்க ஒன்றுமே சொல்லவில்லை. பெண்களோடு உட்கார்ந்து மாவு உருட்டியது, தேய்த்துப் பார்த்தது. எனக்குள் சலிப்பாக இருந்தது.

எனக்கு அப்போது பெரிய தலைவலி உடைசல். நூற்றுக்கு ஏழு, எட்டு அப்பளம் பாக்கெட் போடும்போதே உடையும். உளுந்து மாவு சரியில்லை என்று மாவுக்காரரை மாற்றினேன், அப்பளக்காரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். பெண்களைச் சத்தம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் வாரம் அந்தப் பிள்ளை ஒரு தராசு கேட்டது. உடைந்ததை மணிக்கொரு தடவை எடை போட்டு நோட்டில் எழுதியது. பத்து நாள் எழுதியது. பிறகு என்னிடம் காட்டியது. காலையில் எடுத்த தட்டில் உடைசல் குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த தட்டில் மூன்று மடங்கு. ஏனென்றால் பெண்கள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரமும் தட்டுகள் வெயிலிலேயே கிடக்கின்றன. அளவுக்கு மீறிக் காய்ந்தால் அப்பளம் நொறுங்கும். முப்பது வருடமாகத் தொழில் செய்கிறேன், எனக்குத் தெரியும் அது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நானும்தானே சாப்பிடப் போய்விடுகிறேன், யார் பார்ப்பது?

இரண்டு பெண்களை அரை மணி முன்னதாகச் சாப்பிட அனுப்பினோம். மற்றவர்கள் போகும்போது அவர்கள் தட்டைத் தூக்கி நிழலில் வைப்பார்கள். உடைசல் நூற்றுக்கு மூன்றாக இறங்கியது. செலவு ஒரு பைசா இல்லை. மாவுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், பழையபடி அவரிடமே வாங்குகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் மாதம் 4,000 கொடுத்தேன். குறைவுதான். இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறது, தீபாவளிக்குப் போன் செய்யும்.

வைகைஎக்ஸ்பிரஸ் | செவ்வாய், இரவு 9.52

அண்ணாச்சி, இதைவிட நன்றாக இந்த வேலையை யாராலும் விளக்க முடியாது. அந்தப் பெண் மாவு உருட்டிய முதல் வாரம்தான் முக்கியம். அது இல்லாமல் நேராகத் தராசு வைத்திருந்தால் பெண்கள் தங்களைக் கண்காணிக்கிறார்கள் என்று நினைத்து உடைசலை மறைத்திருப்பார்கள்.

நாகமலை_எம்பிஏ | செவ்வாய், இரவு 10.20

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் பயோடேட்டாவில் இப்படிச் சொல்ல ஒரு விஷயம்கூட இல்லை. இருபது ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில கல்லூரிகளுக்கு மட்டும் போகின்றன என்பதில் நான் சொன்னது சொன்னதுதான், அது மாற வேண்டும். ஆனால் அவர்கள் கூப்பிட்டிருந்தாலும் என்னிடம் சொல்வதற்கு என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

மல்லிகை_அம்மா | புதன், காலை 6.30

மகளிடம் அப்பளக்கதையைப் படித்துக் காட்டினேன். வெளியூருக்கு அனுப்புவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வண்டி ஏற்பாட்டை எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

திருமங்கலம்05 | புதன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. பணம் கட்டவில்லை. அந்தக் கம்பெனிப் பெயரை அமைச்சகத்தின் தளத்தில் தேடினேன், அப்படி ஒன்று இல்லை. மின்னஞ்சலும் ஜிமெயில்தான். கட்ட மாட்டேன் என்று எழுதியதும் 7,500ஐ 3,000 ஆகக் குறைத்துப் பதில் வந்தது. அதையும் அப்பாவிடம் காட்டினேன்.

அப்புறம் அப்பாவுக்கு எல்லாப் பதிலையும் சத்தமாகப் படித்தேன். அப்பளக்கடை அண்ணாச்சி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு அவரே, "நம்ம கடையில சர்வீஸுக்கு விட்ட வண்டி ஏன் சொன்ன நேரத்துக்கு ரெடியாக மாட்டேங்குதுன்னு உன்னால சொல்ல முடியுமா" என்று கேட்டார். நான்கு நாளைக்கு ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், கழற்றிய நேரம், பாகத்துக்காகக் காத்திருந்த நேரம், போன நேரம் என்று எழுத முடிவு செய்து இன்று தொடங்கினேன். இன்று ஒன்பது வண்டி. அதில் ஐந்து, மதுரை சிம்மக்கல்லிலிருந்து பாகம் வருவதற்காக நின்றவை. இன்னும் எதுவும் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை என்று தெரிகிறது.

தெற்குமாசி சார், மே மாதம் உங்கள் அலுவலகத்தில் இடம் இருக்குமா? அண்ணாச்சி, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் அப்பளம் எப்படிக் காயும்? அதில் பிரச்சினை இருக்குமா?

தெற்குமாசி | புதன், இரவு 8.40

இருக்கும். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஏப்ரல் கடைசியில் வாருங்கள். எக்செல்லில் பிவட் டேபிள் மட்டும் அதற்குள் பழகிவிடுங்கள். கோரிப்பாளையம் தம்பி சொன்னதை யோசித்தேன், பஸ் காசுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன்.

அப்பளக்கடை | புதன், இரவு 9.05

தம்பி, மழைக்காலம்தான் என் அடுத்த தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்துக் கடையிலிருந்து பாக்கெட் திரும்பி வரும். எந்தக் கடையிலிருந்து எத்தனை வருகிறது என்று இதுவரை எழுதி வைத்ததில்லை. ஐப்பசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை வா. உள்ளூர் கடைகள் நாற்பது இருக்கும், என் டி.வி.எஸ். வண்டியில் உன்னைக் கூட்டிப்போகிறேன். நோட்டு நீ கொண்டு வா.